முழுக் குளிசை

மீனாம்பிகையின் குரலுக்குப் பயந்து, கடலில் ஒரு திருக்கை வாயைத் திறந்து மருந்து குடித்ததாம். குறிகட்டுவான் துறையில் படகேறிப் போகிற ஒரு தீவில், சின்ன ஆஸ்பத்திரியின் மருந்து யன்னலுக்குப் பின்னால் இருபத்திரண்டு வருடம் நின்றவள் அவள்.

2008இல் அவள் ஒரு பிடிவாதம் பிடித்தாள். கடற்றொழிலாளி யாகப்புவின் ஆறு வயது மகள் நிமலினிக்குப் பிறப்பிலேயே எச்.ஐ.வி. தாயைக் கொண்டுபோனதும் அதுதான். தீவில் இந்தச் சங்கதி யாகப்புவுக்கும் மீனாம்பிகைக்கும் மட்டுமே தெரியும். பிள்ளை குடித்த பாணிமருந்து மூன்றும் வேப்பெண்ணெய்க்கு அக்கா முறை. அந்த நேரம்தான் சிறுவர்களுக்கென்றே செய்த புதுக் குளிசை நாட்டுக்கு வந்தது. மூன்று மருந்தும் ஒன்றுக்குள், தண்ணீரில் கரையும், காலை ஒன்று, மாலை ஒன்று.

அதைத் தீவுக்குக் கொடுத்துவிட யாழ்ப்பாணத்து டொக்டர் தயங்கினார். "மாதாமாதம் பிள்ளை இங்க வரவேணும். ஏலாதெண்டால் இங்கயே ஒரு விடுதியில விடட்டும்."

"தாயில்லாப் பிள்ளையைத் தகப்பனிட்ட இருந்து பிரிக்கிறதோ? கடல் கொந்தளிக்கும், சண்டை நேரம் நேவியின்ர பாஸும் லேசில கிடையாது, பிள்ளை மாதாமாதம் வர ஏலாது. குளிசை வரும், ஐயா. நான் கொண்டுபோறன், நானே எண்ணுறன்" என்றாள் மீனாம்பிகை.

ஒரு மாதம் பார்ப்போம், பிசகினால் விடுதிதான் என்றார் அவர்.

பதினைந்தாம் நாள் யாகப்பு வீட்டுக் குசினியில் போத்தலைக் கவிழ்த்து எண்ணினாள். அறுபதில் முப்பது மிஞ்சவேண்டும். நாற்பத்தைந்து கிடந்தது.

"யாகப்பு! குளிசையைப் பிள்ளைக்குக் குடுக்கிறீரோ, மீனுக்குப் போடுறீரோ?"

"ரெண்டு நேரமும் குடுக்கிறனான் அக்கா. மாதாவாணை!"

"பின்னை என்னெண்டு மிஞ்சினது?"

அவன் பாக்குவெட்டியை எடுத்துக் காட்டினான். "சரிபாதியாய் வெட்டித்தான் குடுக்கிறன்."

"ஆர் வெட்டச் சொன்னது?"

"நீங்கள்தான்."

காய்ச்சல் குளிசையோ, இருமல் குளிசையோ, 'பெரியாளுக்கு முழுசு, பிள்ளைக்கு அரை' என்று அந்த யன்னலில் கூவியவள் அவளேதான். இந்தக் குளிசை பிள்ளையின் அளவுக்கே சிறிதாகச் செய்தது என்பதைச் சொல்ல மறந்திருந்தாள். அரை மருந்துக்குக் கிருமி அடங்காது, மருந்துக்குப் பழகிவிடும்.

பொய் சொல்ல அவளுக்குத் தெரியாதா? திருக்கைக் கதையை அவிழ்த்துவிட்டவளே அவள்தான். கூடுதலாய் மிஞ்சிய பதினைந்தை மணலில் புதைத்திருந்தால் ஒரு குருவிக்கும் தெரியவந்திராது. ஆனால் ஆஸ்பத்திரிக் கதவைச் சாத்திவிட்டுத் தொலைபேசியை எடுத்தாள்.

"பிழை என்ர, ஐயா. ஏசுறதெண்டால் எனக்கு ஏசுங்கோ. இண்டையில இருந்து ரெண்டு நேரமும் என்ர கண்ணுக்கு முன்னால முழுசாய்க் குடிப்பாள்."

டொக்டர் ஏசித் தீர்த்தார். பிறகு, "ஆறு கிழமையால இரத்தம் எடுப்பம். கிருமி பெருகியிருந்தால் விடுதிதான்" என்றார்.

காலை ஆறு, மாலை ஆறு; மழையோ வெயிலோ, யாகப்பு வீட்டு வேலியில் அவளுடைய சைக்கிள் சாய்ந்திருந்தது. ஊர் வாயைச் சும்மா வைத்திருக்குமா?

"என்ன மீனாம்பிகை, அடிக்கடி அந்தப் பக்கம்?" என்றாள் அயல்வீட்டுச் சீதேவி.

"கலியாணப் பேச்சுத்தான். சீதனம் காணாதாம் எண்டு நிக்கிறார்."

அதற்குப் பிறகு எவரும் மருந்தைப் பற்றி நினைக்கவில்லை.

ஆறு கிழமையால் பாஸ் எடுத்து, அலையில் நனைந்து, மூவரும் யாழ்ப்பாணம் போனார்கள். கிருமி பெருகவில்லை. மூன்று மாதத்துக் குளிசையை டொக்டர் கொடுத்தபோது, மீனாம்பிகை அவருடைய பேனையையே வாங்கி ஒவ்வொரு போத்தலிலும் 'முழுசு' என்று எழுதினாள். யாகப்பு நன்றாக வாசிப்பான். இருந்தும், படகு குறிகட்டுவானை விட்டு அகலும்வரை அதையே அவன் காதில் ஓதிக்கொண்டிருந்தாள்.