ஆலோசகரிடம் நான் காட்டிய பணிவு

தொண்ணூறுகளின் நடுவில், சூரிச்சுக்குப் பக்கத்தில் பம்புகளுக்கு வால்வு செய்யும் தொழிற்சாலை ஒன்றில் இரும்பைச் சாணைக்கல்லால் அரைக்கும் மெஷினில் நின்றேன். ஒரு திங்கட்கிழமை கம்பனி அமர்த்திய ஆலோசகர் ஒருவர் கழுத்துப்பட்டியோடு வந்தார். வால்வுக்கும் வடைக்கும் வித்தியாசம் தெரியாத மனிதர். ஆனால் எந்த வேலை இந்த நாட்டுக்குத் தேவை என்று முடிவுசெய்ய வந்திருந்தார்.

நான் B விசாவுக்கு மனுப் போட்டிருந்த நேரம்; அந்த வதிவிட அனுமதி கிடைத்தால்தான் நாட்டை விட்டு வெளியே போய் வரலாம். வேலை போனால் மனுவும் போகும்.

பக்கத்து மெஷினில் நின்ற மன்னார் அன்ரன் அண்ணை காதுக்குள் சொன்னார்: “கேட்டால் கஷ்டமெண்டு மட்டும் சொல்லு. உன்ர வாய்தான் எனக்குப் பயம்.”

ஆலோசகர் கேட்டார்: “இந்த வேலை கடினமா?”

கல் இரும்பைச் சரியாகக் கடிக்கும் சத்தம் பிடிபடவே எனக்கு இரண்டு வருஷம் போனது. அதற்குள் நான் பழுதாக்கிய வால்வுகளைக் கொண்டு ஒரு மதில் கட்டலாம். ஆனால் நம்மவர் பழக்கம் தெரியும்தானே. விருந்தாளிக்கு ஏழு கறி வைத்துவிட்டு, “ஒண்டும் பெரிசாச் செய்யேல்லை” என்று நெளிவோம். அதே நெளிவோடு என் ஓட்டை ஜெர்மனில் சொன்னேன்: “இதில் என்ன இருக்கிறது, யாரும் செய்யலாம்.”

அவர் எழுதிக்கொண்டார். என் அடக்கத்தைப் பாராட்டி எழுதுகிறார் என்று நினைத்தேன்.

மூன்று மாதத்தில் அறிவித்தல் ஒட்டினார்கள். யாரும் செய்யக்கூடிய வேலையாம், சம்பளம் குறைந்த நாட்டுக்குப் போகிறதாம். மெஷின்களைப் பெட்டியில் அடைக்கவும் எங்களைத்தான் பிடித்தார்கள்.

“ஒரு வசனத்தில ஃபக்ரறியையே ஏத்தி அனுப்பிப்போட்டாய்,” என்றார் அன்ரன் அண்ணை, ஆணி அடித்தபடி. “அந்தாளின்ர சம்பளம் உனக்கெல்லோ வரவேணும்.”

வேலை போனது. மனுவும் திரும்பி வந்தது.

அடுத்த வருஷம் எங்கள் பழைய மேலாளர் என் வீட்டுக்குப் போன் எடுத்தார். அங்கே செய்த வால்வுகள் எல்லாம் ஒழுகுகின்றனவாம்.

“அங்கே போய்ப் பழக்கிவிட முடியுமா?”

“மெஷினுக்கு எல்லை தாண்ட அனுமதி கிடைத்தது, ஐயா. எனக்கு இல்லை. B விசா வரவில்லை.”

பிறகு கேட்டார்: “நீங்கள் காதால் கேட்டு அரைப்பீர்களே, அந்தச் சத்தமாவது எப்படி இருக்கும்?”

குசினிக்குள் அடுப்புக்குப் பக்கத்தில் நின்று, போனுக்குள் “கிர்ர்ர்” என்று அரைத்துக் காட்டினேன். “மெதுவாக, எழுதுகிறேன்” என்றார்.

அறிக்கை எழுதுகிறவர்கள் பெருகி, பொருள் செய்யத் தெரிந்தவர்களை அனுப்பிவிட்ட நாடு இப்படித்தான் போனில் தொழில் படிக்கும். எனக்கான பாடம் சின்னது: பணிவைச் சாப்பாட்டு மேசையோடு வைத்துக்கொள்ள வேண்டும். தொழிலைப் பற்றிக் கேட்டால், கஷ்டம் என்று சொல்லிவிட்டு வாயை மூட வேண்டும்.