என் மகள் வெட்டாத நூல்

அம்மன் காலடியில் கூடும் என் சகோதர சகோதரிகளுக்கு மகாலட்சுமி எழுதுவது. நான் இன்சீனில் ரயில் பாதைக்குப் பின்னால் குடியிருக்கிறேன். செவ்வாய்க்கிழமை பூசைக்கு வருகிறவர்கள் என்னைப் பார்த்திருப்பீர்கள். விளக்கு வரிசையில் கடைசியில் உட்கார்ந்து, பிரசாதம் வாங்கியதும் யாரோடும் பேசாமல் போய்விடுகிறவள் நான்தான். "தங்கச்சி, நடந்ததை எழுதிக் குடு, கோயில் மலர்ல போடுவோம்" என்று பூசாரி அண்ணன் கேட்டுக்கொண்டே இருந்தார். "முடிவே வரலையே அண்ணே, என்னத்தை எழுதுறது?" என்று தள்ளிப்போட்டு வந்தேன். இன்னும் முடிவு வரவில்லை. வராமலேயே எழுதுகிறேன்.

நான் பிறந்தது தஞ்சாவூர்ப் பக்கம். கல்யாணமாகி ரங்கூனுக்கு வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. என் வீட்டுக்காரர் கோவிந்தன் இங்கேயே பிறந்து வளர்ந்தவர், ரயில் பட்டறையில் வேலை பார்த்தார். அவரிடம் இந்த நாட்டுக் கார்டு இருந்தது. எங்கள் ஒரே மகள் பவானியிடமும் இந்த நாட்டுக் கார்டு. என்னிடம் மட்டும் இந்தியப் பாஸ்போர்ட். ஒரே சட்டியில் சோறு தின்ற மூன்று பேரில் நான் ஒருத்திதான் வெளிநாட்டுக்காரி. வருடத்துக்கு ஒருமுறை முத்திரை வாங்கி வாங்கித்தான் இந்த வீட்டில் குடும்பம் நடத்தினேன். இங்கே தெருவில் சண்டை வந்தால் என்னைக் 'கலாமா', அதாவது இந்தியாக்காரி, என்று ஏசுவார்கள். ஊருக்குப் போனால் 'பர்மாக்காரி' என்பார்கள்.

"எத்தனை நாளைக்குத்தான் இப்படி முத்திரைக்கு அலையுறது" என்று அவர்தான் எனக்கு நிரந்தரமாகத் தங்கும் அனுமதி கேட்டு மனுப் போட்டார். பி.ஆர். என்று சொல்கிறார்களே, அதுதான். மனுப் போட்ட மறுவருடம் கார்த்திகையில் அவருக்கு நெஞ்சுவலி வந்தது. ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் போய்விட்டார். மனு மட்டும் ஆபீசில் உயிரோடு இருந்தது.

அதன்பிறகு நான் எத்தனை தடவை அந்த ஆபீசுக்கு நடந்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. சன்னலில் இருந்த பெண் நல்ல பெண். அங்கே எல்லோரும் அவளைச் சயாமா என்று மரியாதையாகக் கூப்பிடுவார்கள். நான் போனதும் நிமிர்ந்து பார்த்து, "மலாதேபூ" என்பாள். இன்னும் வரவில்லை என்று அர்த்தம். இந்த நாட்டுக்கு வந்து நான் சுத்தமாகப் படித்த பர்மியச் சொல் அது ஒன்றுதான். வீட்டுக்கு வந்து அம்மன் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து அழுவேன். பிறகு அழுகையும் நின்றுவிட்டது. பிறகு கோபம் வந்தது. ஒருநாள் விளக்கேற்றும்போது, "தாயே, நீயும் அந்த ஆபீஸ்காரி மாதிரிதான். கேட்டால் மலாதேபூ என்கிறாய்" என்று வாய்விட்டே சொன்னேன். பவானி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துச் சிரித்தாள்.

பவானிக்கு அப்போது இருபது வயது. ஷ்வேப்யிதாவில் ஒரு தையல் தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். அங்கே அவள் பெயர் மா தண்டார். தைத்து முடித்த சட்டைகளில் நீட்டிக்கொண்டிருக்கும் நூல்களைச் சின்னக் கத்திரியால் வெட்டிவிடுவது அவள் வேலை. தமிழ் புரியும், பேசும்போது பாதி பர்மிய மொழி வந்து விழும். கோயிலுக்கு வரமாட்டாள். அப்பா செத்த அன்றைக்கே அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டாள். "கும்பிட்டுக்கிட்டுத்தானே இருந்தோம்" என்றாள். நானும் வற்புறுத்தவில்லை.

பங்குனித் திருவிழா வந்தது. எனக்கு வேறு வழி தெரியவில்லை. என் மகளை என்னிடமிருந்து பிரிக்காதே, தீ மிதிக்கிறேன் என்று வேண்டிக்கொண்டு, கொடியேற்றிய அன்று காப்புக் கட்டிக்கொண்டேன். உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை, அந்த மஞ்சள் நூல் கையில் ஏறிவிட்டால் தீமிதி முடிந்து அவிழ்க்கும்வரை ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது.

மூன்றாம் நாள் வழக்கமான முத்திரைக்காக ஆபீசுக்குப் போனேன். அவர் இறந்தபிறகு முத்திரை வாங்கப் போனது அதுதான் முதல் தடவை. சயாமா என் காகிதங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "இது உங்க கணவரைக் காட்டி வாங்கினது. அவர் இல்ல. இனிமே இதைப் போட முடியாது. வெள்ளிக்கிழமைக்குள்ள வெளிய போயிடுங்க. அங்கேருந்து வேற விசா கேளுங்க."

"பி.ஆர். மனு இருக்கே, சயாமா."

"அது மேல இருக்கு. அது வேற, இது வேற. இங்கேருந்து உங்களை அழைக்கிறவங்க யாராவது இருந்தா வரலாம்."

அழைக்கிறவர் செத்துப்போனார் என்பது மட்டும்தான் என் காதில் விழுந்தது. ஆபீஸ் வாசலில், காப்புக் கட்டியதால் செருப்பில்லாத காலோடு நின்றேன். எல்லையைத் தாண்டாதே என்று அம்மன் நூல் கட்டியிருக்கிறாள், எல்லையைத் தாண்டிப் போ என்று அரசாங்கம் சொல்கிறது. பவானிக்கோ பாஸ்போர்ட் இல்லை. இந்த வயசுப் பிள்ளைகளுக்கு இப்போது அது லேசில் கிடைப்பதும் இல்லை. நான் போனால் அவள் தனி. திரும்பி வருவேனா என்று யாருக்கும் தெரியாது. சாண் ஏறினால் முழம் சறுக்கும் என்பார்கள். நான் ஏறவே இல்லை, சறுக்கல் மட்டும்தான்.

சாயங்காலம் பவானியையும் இழுத்துக்கொண்டு கோயிலுக்கு ஓடினேன். "அண்ணே, காப்பை அவிழ்த்துடுங்க, நான் போயாகணும்" என்றேன். பூசாரி அண்ணன் என் கையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார்.

"அவிழ்க்கலாம் தங்கச்சி. ஆனா வேண்டுதல் அந்தரத்துல நிக்கக்கூடாது. ரத்த சொந்தம் யாராவது கை நீட்டினா மாத்திக் கட்டலாம்."

எனக்கு ரத்த சொந்தம் என்று இந்த நாட்டில் ஒருத்திதான். அவளிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. நம்பிக்கை இல்லாத பிள்ளையைத் தீயில் இறங்கச் சொல்வதா? நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். பவானிதான் கையை நீட்டினாள்.

"கட்டுங்க மாமா. சீக்கிரம் கட்டுங்க, நைட் ஷிஃப்ட் இருக்கு."

என் கையிலிருந்த நூல் அவள் கைக்குப் போனது. வியாழக்கிழமை நான் விமானம் ஏறினேன். அவள் விமான நிலையத்துக்கு வெறுங்காலோடு வந்திருந்தாள். அழவில்லை. நானும் அவளுக்கு முன்னால் அழவில்லை.

சென்னையில் தாம்பரம் பக்கம் என் சித்தி மகன் வீடு. நல்லவர்கள்தான், ஒரு பாயும் மின்விசிறியும் தந்தார்கள். ஆனால் "எவ்வளவு நாள் இருப்பே?" என்று தினமும் கேட்டார்கள். அவர்கள் கேட்டதில் தப்பில்லை. அந்த நாட்களில் நான் சாமி கும்பிடவில்லை. உண்மையைச் சொல்கிறேன், கும்பிட மனம் வரவில்லை. 'என் மகளை என்னிடமிருந்து பிரிக்காதே' என்று கேட்டதற்கு இதுதான் பதிலா என்று பொருமினேன். தெருமுனையிலேயே ஒரு மாரியம்மன் கோயில் இருந்தது. நான் அந்தப் பக்கமே போகவில்லை.

முதல் ஒரு வாரம் பவானி தினமும் பேசினாள். பிறகு அவள் போன் அணைந்துபோனது. கரண்ட் இல்லையோ, லைன் இல்லையோ என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். மறுநாளும் இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை. தீமிதி நாளும் வந்து போனது. என் பிள்ளை தீயில் இறங்கினாளா, விழுந்தாளா, யாராவது பிடித்துக்கொண்டு போனார்களா, ஒன்றும் தெரியாது. அன்றைக்கு மட்டும் எழுந்து அந்த மாரியம்மன் கோயிலுக்குப் போனேன். கும்பிடவில்லை. வாசலில் உட்கார்ந்து, "நீ எனக்கு ஒன்றும் தரவேண்டாம். வீடு வேண்டாம், முத்திரை வேண்டாம். அவள் குரலை மட்டும் கேட்கவை" என்றேன். இதுதான் நான் செய்த பிரார்த்தனை. இதற்குமேல் என்னிடம் எதுவும் மிச்சம் இல்லை.

மறுநாள் காலை போன் வந்தது.

"அம்மா."

போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அவளே சொன்னாள்.

"மா சூ இருக்கால்ல, என் கூட நூல் வெட்டுறவ, அவங்க ஒரு கூட்டமா தாய்லாந்துப் பக்கம் காட்டு வழியா கிளம்பினாங்க. நானும் வர்றேன்னு சொல்லியிருந்தேன். அங்கேருந்து எப்படியாவது உன்கிட்ட வந்துடலாம்னு. போனை நான்தான் அணைச்சு வச்சேன். உன் குரலைக் கேட்டா போக முடியாது."

"போனியா?"

"பையெல்லாம் கட்டிட்டேன். காப்பு கையில இருந்திச்சு. எல்லை தாண்டக்கூடாதுல்ல, அதனால வெட்டிட்டுப் போயிடலாம்னு கத்திரியை நூலுக்குள்ள விட்டேன். நாள் பூரா நூல் வெட்டுறதுதானேம்மா என் வேலை. இதை வெட்ட முடியல."

"சாமிக்குப் பயந்துட்டியா?"

"இல்ல. உன் கையில இருந்த நூலு. அதை வெட்டிட்டா உனக்காக இங்க யாரும் இல்லேன்னு ஆயிடும்னு தோணிச்சு."

மா சூவும் மற்றவர்களும் தீமிதி அன்று விடியற்காலையில் கிளம்பிப் போயிருக்கிறார்கள். இவள் ஊர் எல்லையைத் தாண்ட முடியாமல் நின்றுவிட்டாள். நிற்கிறவள் என்ன செய்வாள்? என் மனு என்ன ஆனது என்று கேட்கலாம் என்று அதே வெறுங்காலோடு ஊருக்குள்ளேயே சுற்றுகிற வட்ட ரயில் ஏறி ஆபீசுக்குப் போயிருக்கிறாள். சயாமா வழக்கம்போல "மலாதேபூ" என்று சொல்லிவிட்டு, இவள் கையில் இருந்த மஞ்சள் நூலைப் பார்த்து, "நீ அவங்களுக்கு யாரு?" என்று கேட்டிருக்கிறாள். மகள் என்றதும் வயதைக் கேட்டாளாம், கார்டைக் கேட்டாளாம்.

"அப்புறம் ஏன் நீயே உங்கம்மாவை அழைக்கல?" என்றாளாம்.

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதைதான். என் காகிதத்தில் எப்போதும் ஆண்பிள்ளை கையெழுத்துத்தான் இருந்தது. முதலில் என் அப்பா, பிறகு என் வீட்டுக்காரர். என் மகளுக்கு வயது வந்துவிட்டது, இந்த நாட்டுக்காரி அவள், அவளே என்னைக் கூப்பிடலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பெற்ற பிள்ளையை நான் காப்பாற்றவேண்டும் என்று மட்டுமே நினைத்தேன். சயாமா அன்றைக்கு என்னிடமும் அதைத்தான் சொன்னாள். என் காது அடைத்துப்போயிருந்தது.

அழைப்பை எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் பவானி தீயில் இறங்கியிருக்கிறாள். பூசாரி அண்ணன் இதை இப்போதும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்: மறுநாள் காப்பு அவிழ்க்கும்போது அவர் முடிச்சோடு போராடிக்கொண்டிருந்தாராம். இவள் பையிலிருந்து தொழிற்சாலைக் கத்திரியை எடுத்து நீட்டி, "இப்ப வெட்டலாம்ல, மாமா?" என்றாளாம்.

பர்மியப் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழா முடிந்து விசா வந்தது. வராது என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். நான் வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் அவள் பாதத்தைத் திருப்பிப் பார்த்தேன். இடது காலில் மட்டும் ஒரு சின்னக் கொப்புளத்தின் தழும்பு இருந்தது. அப்போதுதான் நான் அழுதேன்.

இதுவரை சொன்னது அம்மன் எனக்குச் செய்தது. இனிமேல் சொல்வதையும் சொல்லாமல் விட்டால் இது முழுச் சாட்சி ஆகாது. காட்டு வழியில் போன அந்தக் கூட்டத்திடமிருந்து இன்றுவரை ஒரு வார்த்தையும் வரவில்லை. மா சூவின் அம்மா எங்கள் சந்து முனையில் மொஹிங்கா என்கிற மீன் குழம்புச் சேமியா விற்கிறவள். மகள் போன நாளிலிருந்து புத்தர் கோயிலுக்குப் போகாத நாள் இல்லை. அவள் வேண்டுதலில் என்ன குறை? என் பிள்ளையை நூல் கட்டி நிறுத்திய தாய் அவள் பிள்ளையை ஏன் நிறுத்தவில்லை? அம்மன் முன்னால் நின்று இதையும் கேட்டேன். பதில் இல்லை. எனக்குப் பதில் தெரியும் என்று சொல்லி உங்களை ஏமாற்றமாட்டேன்.

ஆனால் நான் மாறிவிட்டேன். யாரோடும் பேசாதவள், இப்போது காலையில் போய் மா சூவின் அம்மாவுக்கு வாழைத்தண்டு நறுக்கித் தருகிறேன். அவள் குழம்பைக் கிளறுவாள், நான் நறுக்குவேன். பவானி செவ்வாய்க்கிழமை ஷிஃப்ட் இல்லாவிட்டால் என்னோடு கோயிலுக்கு வருகிறாள். நம்புகிறாயா என்று நான் கேட்பதில்லை.

என் பி.ஆர். மனுவை இப்போது பவானியின் பெயரைக் காட்டி மறுபடி கொடுத்திருக்கிறோம். போன வாரமும் போனோம். மலாதேபூ. விசா ஆவணியில் முடிகிறது, மறுபடி என்ன ஆகுமோ தெரியாது. கிடைக்கும் என்று எனக்குப் பெரிய நம்பிக்கையும் இல்லை. அந்த ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்து வெற்றுச் சன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கிற யாராவது இதைப் படித்தால், ஒரு செவ்வாய்க்கிழமை வாருங்கள். கேட்டதெல்லாம் கிடைக்கும் என்று சொல்லமாட்டேன். கும்பிட மனமில்லாவிட்டாலும் வாருங்கள். கும்பிடாமல் வாசலில் உட்கார்ந்தவளையும் அம்மன் தள்ளிவிடவில்லை. கடைசி வரிசையில் என் பக்கத்தில் இடம் இருக்கிறது.

விளக்கேற்றும்போது மா சூ என்று ஒரு பெயரைச் சொல்லுங்கள். எனக்காக வேண்டிக்கொள்ள வேண்டாம். என் மகள் வேலை முடிந்து வீட்டுக்கு வந்துவிடுகிறாள்.