யானைக்கு முதுகு காட்டி உட்கார்ந்தவர்

யானையைக் காட்டுகிறேன் என்று சொல்லிப் பிழைக்கிற தொழிலில், யானையிடம் மட்டும் நம்மால் எதையும் முன்கூட்டிச் சொல்லிவைக்க முடியாது. அறுபதுகளில் திண்டுக்கல்லிலிருந்து தேக்கடிக்கு வேனில் ஆட்களைக் கூட்டிப்போய், காட்டைக் காட்டிவிட்டு அன்றைக்கே திரும்பக் கொண்டுவந்து சேர்க்கிற வேலை எனக்கு. ஊருக்கு வந்த விருந்தாளியை அருவிக்குக் கூட்டிப்போய், "இம்புட்டுத்தானா?" என்று வாங்கிக் கட்டிக்கொண்ட புண்ணியவான்களே, உங்களுக்குத்தான் என் பாடு புரியும். ஒரே ஒரு பயணத்தை மட்டும் சொல்கிறேன்.

நிலக்கோட்டையில் ஏறியவர்கள்

விடிந்தும் விடியாததுமாக நிலக்கோட்டைப் பூ மார்க்கெட் பக்கம் வேனை நிறுத்தினோம். பெருமாள் என்கிற மல்லிகை விவசாயியும் அவர் சம்சாரம் பேச்சியம்மாவும் ஏறினார்கள். பூக்காட்டுக்காரர் சம்சாரம், தலையில் ஒரு பூ இல்லை. அந்த அம்மாளை உட்காரவைத்துவிட்டுப் பெருமாள் என்னை வேனுக்குப் பின்னால் கூப்பிட்டார்.

ஐந்து வயது மகள் காய்ச்சலில் போய்விட்டாளாம். டாக்டர், மதுரைப் பெரியாஸ்பத்திரி, மந்திரித்த கயிறு என்று எதையும் அவர்கள் விடவில்லை. ஆனாலும் காய்ச்சல் கண்ட அன்று, பிள்ளையைத் தூங்கவிட்டு மொட்டெடுக்கப் போனதே தப்பு, தான்தான் சரியாகப் பார்க்கவில்லை என்று சொல்லிச் சொல்லி அந்த அம்மாள் சோற்றையே ஒதுக்கிவிட்டாராம். இப்போது பேச்சும் நின்றுவிட்டதாம். பெருமாள் என் கையைப் பிடித்துக்கொண்டார்: "எஞ் சம்சாரத்துக்கு யானைன்னா உசுரு. அதைப் பாத்தாலாவது வாயைத் தொறப்பான்னு கூட்டியாந்தேன். எப்படியாச்சும் காட்டிருங்க அப்பு."

குஜிலியம்பாறைக் கூப்பாடு

தேக்கடி ஏரியில் படகில் ஏறும் முன்பே படித்துப் படித்துச் சொன்னேன், காட்டில் சத்தம் கூடாது, மூச்சுவிடுவதைக்கூட மெதுவாக விடுங்கள் என்று. வேனில் ஒரு வரிசை பூராவும் பிடித்து வந்த குஜிலியம்பாறைப் பக்கத்து மானாவாரி விவசாயிகள் தலையை ஆட்டினார்கள். கரையில் காட்டுப்பன்றிகள் தலைகாட்டியதுதான் தாமதம், வரிசை மொத்தமும் எழுந்து கையைத் தட்டி, "ஏ... ஹோ... ஹோய்!" பன்றி என்ன பன்றி, கண்ணுக்கெட்டிய மட்டும் ஒரு கொக்குகூட மிச்சமில்லை.

இனி யானை எங்கே வரப்போகிறது? பெருமாள் முகத்தைப் பார்க்கவே எனக்குத் தைரியமில்லை. "உங்களுக்கெல்லாம் காது இருக்கா இல்லையா?" என்று பாய்ந்தேன். அவர்களில் முன்னால் இருந்தவர் தலையைச் சொறிந்தார்: "கடலைக்காட்டுல பன்னியை வெரட்டிப் பழகின வாயி. கண்டதும் அதுவாக் கூவிருச்சு."

காதர் பாய் போட்ட தரம்

செத்த நேரம் கழித்துக் காட்டெருமை ஒன்று தண்ணீர் குடிக்க வந்தது. கருகருவென்று மலை மாதிரி உடம்பு. இந்தத் தடவை ஒருவரும் மூச்சுவிடவில்லை. திண்டுக்கல்லில் தோல் மண்டி வைத்திருந்த காதர் பாய் மட்டும் கண்ணை இடுக்கிக்கொண்டு முதுகிலிருந்து வால்வரை பார்த்தார். பிறகு அவர் சொன்னதைக் கேட்டுப் படகே சிரித்தது, பேச்சியம்மாவைத் தவிர: "பூராவும் முள்ளுக் கீறல், உண்ணிக்கடி. மண்டிக்கு வந்தா மூணாந்தரம்தான் தம்பி. தோலு அது மேலயே இருக்கட்டும், அங்கதான் அதுக்கு அழகு."

யானை வந்தது

படகு ஒரு திருப்பம் திரும்பியதும், வலப்பக்கக் கரையில் யானைகள்! தாயின் காலுக்குள் புகுந்து புகுந்து வெளியே வருகிற குட்டி ஒன்று. அத்தனை பேரும் வலப்பக்கம் பாய, படகு சாய, படகோட்டி கத்த, ஒரே களேபரம். அப்பாடா என்று திரும்பிப் பார்க்கிறேன், பேச்சியம்மா யானைக்கு முதுகைக் காட்டி இடப்பக்கத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருக்கிறார். "அம்மா, யானை வந்திருக்கும்மா, இங்கிட்டுப் பாருங்க!" என்று கெஞ்சினேன். அவர் திரும்பவே இல்லை. பெருமாள் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

அந்த ஏரியில் பட்டுப்போன மரங்கள் கருப்புக் கருப்பாக நிற்கும். காட்டைப் பார்க்க வந்தவர்களிடம் பட்டமரத்தை யார் காட்டுவார்கள்? நான் ஒருநாளும் காட்டியதில்லை. "இதெல்லாம் ஏன் இப்படி நிக்குது?" என்று பேச்சியம்மா கேட்டார். அன்றைக்கு அவர் பேசிய முதல் பேச்சு அது. அணையைக் கட்டித் தண்ணீர் தேங்கினபோது செத்த மரங்கள் என்றேன். ஒவ்வொரு மரமாகப் பார்த்தார். பிறகு புருஷன் தோளைப் பிடித்துக்கொண்டு, படகே திரும்பிப் பார்க்க ஓவென்று அழுதார். யானைகள் போனதை யாரும் கவனிக்கவில்லை. அழுகைக்கு நடுவே அவர் கேட்டது இதுதான்: "மரம் தண்ணி பத்தாமயும் பட்டுப்போகுது, இம்புட்டுத் தண்ணியில நின்னும் பட்டுப்போகுது. ஏங்க, நாம நம்ம புள்ளைக்கு எதைக் கொடுக்காம விட்டோம்?"

கம்பத்தில் சாப்பாடு

திரும்பும் வழியில் கம்பத்தில் ஒரு ஓட்டலில் இறங்கினோம். பேச்சியம்மா முன்னாலும் ஓர் இலை விழுந்தது. பெருமாள் தன் சோற்றைப் பாதியில் விட்டுவிட்டு அந்த இலையையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் ஒரு கவளம் எடுத்தார், இன்னொன்று எடுத்தார், தொட்டுக்கொண்ட பொரியலைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். அடுத்து அவர் சொன்னதைக் கேட்டதும் பெருமாள் எச்சில் கையோடு சமையற்கட்டுக்கு ஓடினார்: "வெஞ்சனத்துல உப்பே இல்லை. மனுசன் திம்பானா இதை?"

இந்தத் தொழிலில் எத்தனையோ குறை கேட்டுக் கடுப்பாகியிருக்கிறேன், ஐயா. கேட்டுக் கண் கலங்கிச் சந்தோஷப்பட்ட குறை அது ஒன்றுதான்.