சத்தம் வராத சொடக்கு

எழுதவே கூசுகிறது. கரையான்சாவடியில் சவரக்கடை வைத்திருக்கிறேன். சவரம் முடிந்ததும் தலையைப் பிடித்துத் திருப்பிக் கழுத்தில் சொடக்கு எடுப்பேன். சத்தம் தெருவுக்குக் கேட்டால்தான் கைக்கு மதிப்பு என்ற திமிர் எனக்கு.

ஒருநாள் பாரிவாக்கத்து வண்டிக்காரர் ஒருவர் வந்தார். "சொடக்கு வாணாம்பா. காலைல வண்டிலர்ந்து உயுந்துட்டேன், கழுத்து புடிச்சிக்கினு கீது" என்றார்.

"அதுக்குத்தான் நைனா இது" என்று இடப்பக்கம் திருப்பினேன். சத்தம் வரவில்லை. காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். ரோஷத்தில் வலப்பக்கம் வெடுக்கென்று திருப்பினேன்.

"ஐயோ, கை மரத்துப்பூச்சே!" என்று அலறினார்.

தலை அசையாமல் பிடித்துக்கொண்டு ஜட்காவில் பட்டணத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். படம் எடுத்துப் பார்த்த டாக்டர், "கழுத்துல மொத எலும்பு வளையம் மாதிரி. ரெண்டாவதுல ஒரு முளை. திருகைக் கல் முளையில சுத்துறாப்போல, அதுலதான் தலை திரும்புது. விழுந்ததுல அந்த முளை விண்டிருக்கு. நீ இன்னும் கொஞ்சம் திருப்பியிருந்தா மூச்சே நின்னிருக்கும்" என்றார்.

சில மாதங்களில் அவர் தேறிவிட்டார். நான் இப்போது யார் கேட்டாலும் சொடக்கு எடுப்பதில்லை.

அவர் இன்றும் என்னிடம்தான் சவரத்துக்கு வருகிறார். தொண்டையில் கத்தி வைத்தால் அசையாமல் இருக்கிறார். துண்டை அவிழ்க்க என் வெறுங்கை பிடரிப் பக்கம் போகும்போதுதான் கண்களை இறுக மூடிக்கொள்கிறார்.