வால்வுக்குப் பின்னால் எட்டு கிலோமீட்டர்

வால்வு நின்றால் லூர்து நிற்கிறார். வால்வு தரையை மோந்துவிட்டு வலப்பக்கம் திரும்பினால் அவரும் கேள்வி கேட்காமல் திரும்புகிறார். கையில் ஆளுயர மூங்கில் கம்பு, தோளில் ரெக்சின் பை, உடம்பில் ஆரஞ்சு ஜாக்கெட், கடைவாயில் ஓர் ஏலக்காய். காலை ஆறே கால் மணி. அத்திப்பட்டு நிலையத்தில் ரயிலைப் பிடிக்க ஊரே ஓடிக்கொண்டிருக்க, இந்த இருவரும் தண்டவாளத்தைத் தாண்டிச் சீமைக்கருவேலங் காட்டுக்குள் இறங்கிவிடுகிறார்கள்.

வால்வு ஒரு பெண் நாய். செங்கல் நிறம், ஒரு காது மட்டும் மடிந்திருக்கும். குட்டியாக இருந்தபோது குழாய் வால்வு இருக்கும் கம்பிவேலிக்குள் மாட்டிக்கொண்டு கத்தியதாம். இவர் எடுத்து வெளியே விட்டார். அது இவர் பின்னாலேயே வந்துவிட்டது. "பேரு வெக்க எங்க சார் டைம் கீது? வால்வாண்ட கெட்ச்சிது, வால்வு. அவ்ளோதான்."

லூர்துவுக்கு ஐம்பத்து மூன்று வயது. ராயபுரத்துக்காரர். உத்தியோகம் 'லைன் வாக்கர்'. துறைமுகத்து எண்ணெயைக் கொண்டுபோகும் குழாய் ஒன்று கொசஸ்தலை ஆற்றோரமாக மண்ணுக்கடியில் ஓடுகிறது. அதன் தலைக்கு மேலே தினமும் எட்டு கிலோமீட்டர் நடக்க வேண்டும். எங்காவது மண் புதிதாகத் தோண்டியிருக்கிறதா, காரணமில்லாமல் புல் கருகியிருக்கிறதா, எண்ணெய் வாடை வருகிறதா என்று பார்த்துக்கொண்டே போக வேண்டும். நகரத்தில் சிலர் நாயைக் காரில் ஏற்றிக்கொண்டு ஆற்றோரம், மலையோரம் என்று நடக்கப் போய்ப் படம் எடுத்துப் போடுகிறார்கள். லூர்து பதினோரு வருடமாக அதைத்தான் செய்கிறார். படம் எடுக்கத்தான் ஆளில்லை. அந்தக் குறையைத் தீர்க்கலாம் என்று நான் கிளம்பிப் போனேன். எடுத்த படங்களெல்லாம் ஆடிப்போயிருக்கின்றன, அவ்வளவு மூச்சு வாங்கியிருக்கிறது எனக்கு.

என் நடைமேல் அவருக்கு மதிப்பே கிடையாது. "இன்னா சார், பீச்சுல நடக்கற மாதிரி கைய வீசிகினு வர்ற? கைய அடக்கிக்கோ. முள்ளு கீசிடும்." பேச்சு அதோடு முடிந்தது. மஞ்சள் பூசிய எல்லைக்கல் கண்ணில் பட்டால் அதைத் தாண்டும் வரை வாய் திறக்க மாட்டார். ஒவ்வொரு கல்லையும் கம்பால் இரண்டு தட்டுத் தட்டுவார். "தட்டலன்னா பாத்தனா, பாக்கலியான்னு வூட்டுக்குப் போனப்பறம் ஒரே பேஜாரு சார்." காலையில் டீக்கடையில், டீயில் நனைத்துத் தின்னும் பொறை நான்கு வாங்குவார். மூன்று வால்வுக்கு, ஒன்று அவருக்கு. கேட்டால், அதுக்குத்தான் வேலை ஜாஸ்தி என்கிறார்.

அது உண்மையும்கூட. குழாய் போகும் வழியில், ஆற்றின் இரு கரையிலும், அனல்மின் நிலையத்துச் சாம்பல் பரந்து கிடக்கிறது. மேலே காய்ந்து, வெள்ளையாக, கிரிக்கெட் ஆடலாம் போலத் தெரியும். உள்ளே கூழ். எங்கே கெட்டி, எங்கே கூழ் என்பது ஒவ்வொரு மழைக்கும் மாறும். இரண்டு தடவை லூர்து தொடை வரை இறங்கியிருக்கிறார். வால்வு ஒரு தடவைகூட இறங்கியதில்லை. முன்னங்காலை மெதுவாக வைத்துப் பார்க்கும், பிடிக்கவில்லை என்றால் எடுத்துவிடும். இரண்டாவது தடவைக்குப் பிறகு அதன் கால் படாத இடத்தில் இவர் கால் படுவதில்லை. "வூட்லயும் அது குந்துன அப்பறந்தான் இவரு குந்துவாரு" என்று அவர் மனைவி சாரா சொன்னபோது, லூர்து மறுக்காமல் ஏலக்காயை ஒரு கடைவாயிலிருந்து மறு கடைவாய்க்கு மாற்றிக்கொண்டார்.

இவ்வளவு நம்பிக்கை வைத்ததில்தான் வம்பு வந்தது.

லைன் வாக்கர்கள் இடுப்பில் ஒரு ஜிபிஎஸ் பெட்டி கட்டியிருப்பார்கள். ஆள் எங்கே போகிறார் என்பது கண்ட்ரோல் ரூம் திரையில் ஒரு புள்ளியாகத் தெரியும். போன வருடம் பக்கத்து லைன்காரர் ஒருவர் பெட்டியை மச்சானின் பைக்கில் கட்டி அனுப்பிவிட்டு வீட்டில் தூங்கினார். அன்றே வேலை போயிற்று. லூர்து அந்த ரகமில்லை. ஆனால் குழாய் ஓரிடத்தில் ஆற்றுக்கு அடியில் போய்விடுகிறது. பாலத்தைச் சுற்றி வந்தால் நான்கு கிலோமீட்டர் கூடும். அதனால் கடல்தண்ணீர் வற்றியிருக்கும் நேரம் பார்த்து இடுப்பளவு ஆற்றில் இறங்கிக் கடந்துவிடுவார். ஒருநாள் சேற்றில் வழுக்கிப் பெட்டியோடு முழுகி எழுந்தார். பெட்டி செத்தது. மூன்று பக்கத்துக்கு விளக்கம் எழுதிக் கொடுத்தார். அதற்கப்புறம் ஆற்றைக் கடக்கிற ஐந்து நிமிடமும் பெட்டியை பிளாஸ்டிக் கவரில் சுற்றி வால்வின் பிடரியில் கட்டிவிட ஆரம்பித்தார். "நான் வழுக்கி வியுவேன் சார். அது வியாது."

போன மாதம் இவர் கரையேறிப் பெட்டியை அவிழ்ப்பதற்குள் ஒரு கீரி குறுக்கே ஓடியது.

திரையில் லூர்து என்கிற புள்ளி மணிக்கு முப்பது கிலோமீட்டர் வேகத்தில் முள்காட்டுக்குள் பாய்ந்தது. மூன்று முறை வட்டமடித்தது. பிறகு ஒரு குட்டையில் போய் அரைமணி நேரம் படுத்துக்கொண்டது.

மறுநாள் விசாரணை. கண்ட்ரோல் ரூம் அதிகாரி ஜெயஸ்ரீ கேட்டார்: "பெட்டியை யார் பைக்ல கட்டினீங்க?"

"பைக்குல இல்ல மேடம். நாயில கட்னேன்."

அறையில் எல்லோரும் சிரித்தார்கள். ஜெயஸ்ரீ மட்டும் சிரிக்கவில்லை. அடுத்த செவ்வாய்க்கிழமை தானே கூட நடந்து பார்ப்பதாகவும், கதை பொய்யென்றால் அன்றோடு வேலை இல்லை என்றும் சொல்லிவிட்டார். நான் போய்ச் சேர்ந்ததும் அந்தச் செவ்வாய்க்கிழமைதான்.

ஜெயஸ்ரீக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். திருவொற்றியூரிலிருந்து வந்திருந்தார். காலில் புது ஷூ, பையில் மாற்று ஷூ, கையில் வரைபடம் ஓடும் டேப்லெட். கிளம்பும்போதே ஆரம்பித்தார். "நாய் லைன்ல வரக் கூடாதுன்னு ரூல் இருக்கு, தெரியுமா?"

"தெரியும் மேடம்."

"தெரிஞ்சும்?"

"ரூலு எய்தனவரு இங்க நடந்தது இல்ல மேடம்." இன்றைக்கு வெயில் அதிகம் என்று சொல்கிற குரலில்தான் சொன்னார்.

சாம்பல் வெளிக்கு வந்தோம். வால்வு ஒதுங்கிப் பெரிய வளைவாகப் போனது. ஜெயஸ்ரீ டேப்லெட்டைக் காட்டினார். "லைன் நேராப் போகுது. நீங்க தினமும் அறுபது மீட்டர் தள்ளிப் போறீங்க. இதுவும் தப்புதானே?" லூர்து கிடந்த அரைச் செங்கல் ஒன்றை எடுத்து, அவர் காட்டிய கோட்டின்மேல் வீசினார். பொளக் என்று ஒரு சத்தம். அப்புறம் அங்கே செங்கல் இல்லை. "என் பூட்ஸு ஒண்ணு இன்னும் உள்ளதான் கீது மேடம். காலு மட்டும் வந்துச்சு." அதற்குப் பிறகு ஜெயஸ்ரீ டேப்லெட்டைப் பார்க்காமல் நாயைப் பார்த்து நடந்தார். நான் அவர் ஷூவைப் பார்த்து நடந்தேன்.

ஆற்றங்கரையில் நின்றோம். கடல்பக்கமிருந்து தண்ணீர் ஏறத் தொடங்கியிருந்தது. லூர்து வழக்கம்போல் பெட்டியைச் சுற்றி வால்வின் பிடரியில் கட்டி, அக்கரைக்குப் போகச் சொல்லி, திரும்ப வரவழைத்துக் காட்டினார். திரையில் புள்ளி ஆற்றைக் கடந்து மீண்டு வந்தது. ஜெயஸ்ரீ டேப்லெட்டை அணைத்தார்.

"நீங்க ஏமாத்தலைன்னு எழுதிடறேன், லூர்து. அதுல சந்தேகமே இல்ல. ஆனா நாளையிலிருந்து நாய் வரக் கூடாது. அது யாரையாவது கடிச்சாலும், அதுக்கே ஏதாவது ஆனாலும் நான்தான் பதில் சொல்லணும்."

லூர்து யோசிக்கவே இல்லை என்பதை இங்கே எழுதியாக வேண்டும். ஜாக்கெட்டைக் கழற்றினார். சட்டையைப் போல மடித்தார். வால்வின் பிடரியிலிருந்து பெட்டியை அவிழ்த்து, ஜாக்கெட்டின்மேல் வைத்து ஜெயஸ்ரீயிடம் நீட்டினார்.

"நாளைக்கு வேற ஆள போட்டுக்கோ மேடம். இன்னிக்கு லைன் இன்னும் மூணு கிலோமீட்டர் கீது. அத்த முட்ச்சிட்டுப் பூட்றேன். பாதில வுட்டா எனக்கு சோறு எறங்காது."

பதினோரு வருட வேலையை ஒருவர் கைக்குட்டையைக் கொடுப்பதுபோல் கொடுத்துவிட்டார்.

தண்ணீரில் இரண்டடி வைத்தவர் திரும்பினார். குனிந்து வால்வின் முதுகைத் தட்டி எங்கள் பக்கம் தள்ளினார். "இத்த இட்டுகினு திரும்பிப் போங்க. இது இல்லாம சாம்பலத் தாண்ட முடியாது. அது கால் வெச்ச எடத்துல மட்டும் கால வையி மேடம். சார், ஒனக்குந்தான்."

"அக்கரையிலயும் சாம்பல்தானே?" என்றார் ஜெயஸ்ரீ. "நீங்க எப்படிப் போவீங்க?"

"கம்பு கீது."

போய்விட்டார். கம்பை ஊன்றி, அழுத்திப் பார்த்து, அப்புறம் ஒரு கால். மறுபடி ஊன்றி, மறுபடி ஒரு கால். இத்தனை வருடம் விறுவிறுவென்று கடந்த ஆற்றை அவர் இப்படித் தடவித் தடவிக் கடப்பதை வால்வு கரையில் உட்கார்ந்து பார்த்தது. எங்களை ஒருமுறை பார்த்தது. பிறகு அவரைப் பார்த்து முனகியது. ஆனால் எழுந்து போகவில்லை. அவர் சொல்லிவிட்டார் அல்லவா.

ஜெயஸ்ரீ கையிலிருந்த ஜாக்கெட்டைப் பார்த்தார். நாயைப் பார்த்தார்.

"லூர்து!" அந்தக் குரலுக்கு நாரைகள் எழுந்து பறந்தன. "ஜாக்கெட் இல்லாம லைன்ல நடக்கக் கூடாது. ரூல் தெரியாதா?"

லூர்து நடு ஆற்றில் நின்று திரும்பினார். "தெரியும் மேடம். அப்போ நாயி?"

ஜெயஸ்ரீ டேப்லெட்டையும் பெட்டியையும் என் கையில் திணித்தார். ஜாக்கெட்டைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, "போ" என்று வால்வை முன்னால் விட்டு, புது ஷூவோடு தண்ணீரில் இறங்கினார். சேறு இரண்டாவது அடியிலேயே அவரை ஒரு பக்கமாகச் சாய்த்தது.

லூர்து திரும்பி வந்து, கம்பின் மறுமுனையை அவரிடம் நீட்டினார்.