ரோதங் கணவாயைத் தாண்டியவர்

எழுபதுகளின் தொடக்கத்தில், மயிலாப்பூர் சபா ஒன்றில் இமயமலை ஸ்லைடுகள் காட்டினார்கள். ரோதங் கணவாயைச் சைக்கிளில் கடந்ததாக ஒருவர் மேடையில் பேசினார். ஸ்லைடு மாற்றியவர் அவருடைய மனைவி. ஒல்லியான உடம்பு, பனிவெயிலில் தோல் உரிந்த மூக்கு. கணவர் "நான்" என்று சொல்லும்போதெல்லாம் அந்த அம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டார்.

பேச்சு முடிந்ததும் சபா செயலாளர் கணவருக்குப் பொன்னாடை போர்த்திவிட்டு மனைவி பக்கம் திரும்பினார்.

"மாமி, அந்தக் குளிர்ல இவருக்கு என்ன சமைச்சுப் போட்டேள்?"

சபை சிரித்தது. மாமி எழுந்தார்.

"இவர் பாதி வழியிலயே லாரி ஏறிட்டார். கணவாயைத் தாண்டினது நான். ஓட்ட முடியாத இடத்துல சைக்கிளைத் தோள்ல தூக்கிண்டு பனியில நடந்தேன். உச்சியில எடுத்த படம் ஒண்ணுலயாவது இவர் இருக்காரா? எடுத்தது யாருன்னு கேட்டேளா?"

கணவர் தலைகுனிந்தபடி பொன்னாடையைக் கழற்றி நீட்டினார்.

"அது வேண்டாம். மைக்கைக் கொடுங்கோ."

முதல் ஸ்லைடிலிருந்து மறுபடி சொன்னார். பனியில் வழுக்கி விழுந்ததைக்கூட எங்களைத் திட்டுவதுபோலத்தான் சொன்னார். ஒருவரும் எழுந்து போகவில்லை. மலையேறியவர்கள் பலர் பேசிக் கேட்டிருக்கிறேன். அந்தக் கோபம்தான் மனதில் நிற்கிறது. அத்தனை கோபத்தை வைத்துக்கொண்டு அதுவரை எப்படிப் பேசாமல் ஸ்லைடு மாற்றினார் என்பது மட்டும் இன்றும் எனக்குப் புரியவில்லை.