பெரியப்பாவுக்கும் சீட்டு போடுங்க

நம்புங்க, நம்பாம போங்க, எனக்கு ஒண்ணும் நஷ்டமில்ல. இது நடந்துச்சு. அதுவும் பட்டப்பகல்ல, ஞாயித்துக்கிழமை மத்தியானம் மூணே முக்காலுக்கு. பேய்னா ராத்திரிதான் வரணும்னு யாரு சட்டம் போட்டது?

எங்க வீட்டுல எல்லாருக்கும் போக்கர் சீட்டாட்டப் பைத்தியம். நான் எழுதப் படிக்கக் கத்துக்கறதுக்கு முன்னாடியே ராஜா ராணி ஜாக்கி எல்லாம் கத்துக்கிட்டேன். காசு வெச்சு ஆடமாட்டோம். பந்தயத்துக்குத் தீக்குச்சிதான். ஆனா வீட்டுல எந்தச் சண்டை வந்தாலும் தீர்ப்பு சீட்டுலதான். யார் பாத்திரம் கழுவறது, யாருக்கு ஜன்னலோர ரூம், எல்லாமே அப்படித்தான். அதுல எப்பவும் ஜெயிக்கிறவர் பெரியப்பா. குச்சியை மொத்தமா நடுவுல தள்ளிட்டு முறைச்சுப் பாப்பார். நாங்க பயந்துபோய் சீட்டைக் கவுத்துத் தோல்வியை ஒத்துக்குவோம். எல்லாரும் கவுத்துட்டா அவர் தன் சீட்டைக் காட்டவே வேண்டாம். ஆட்டத்தோட விதி அது.

எனக்கு வெளியூர்ல ரயில் ஓட்டற வேலைக்குப் பயிற்சி கிடைச்சுது. பெரியப்பா சொன்னது ஒரே வரி. "என்னை ஜெயிச்சுட்டுப் போ." எத்தனையோ தடவை ஆடினேன். ஒவ்வொரு தடவையும் பயந்து கவுத்தேன். அதுக்குள்ள மாரடைப்பு வந்து மனுஷன் போய்ச் சேந்துட்டார். பெரியம்மா தன்னோட தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டாங்க.

அந்த ஞாயித்துக்கிழமை வந்துச்சு. மறுநாள் காலையில நான் பயிற்சியில சேரணும். இல்லேன்னா வேற ஆளை எடுத்துடுவாங்க. அப்பா அசையல.

"அண்ணனை நீ ஜெயிக்கலையே. அவர் பேச்சை நான் மீறமாட்டேன்."

எனக்கு வந்துச்சு பாருங்க ஒரு கோபம்! "சரி. அப்ப பெரியப்பாவுக்கும் சீட்டு போடுங்க."

"வாயை மூடுடி"ன்னாங்க அம்மா. நான் மூடல. அவரோட காலி நாற்காலிக்கு நேரா உக்காந்தேன். அவர் பக்கம் குச்சி வெக்கல. செத்தவருக்கு எதுக்குக் குச்சி?

சீட்டு பறக்கக்கூடாதுன்னு ஃபேனை நிறுத்தியாச்சு. ஜன்னலும் சாத்தியாச்சு. அப்பா எங்க ரெண்டு பேருக்கும் ரெண்டு ரெண்டு சீட்டு கவுத்து வெச்சார். நடுவுல பொதுவா அஞ்சு சீட்டு நிமித்தினார். என் கையில ஒரு மூணும் ஒரு ஏழும். நடுவுல இன்னொரு மூணு. அல்ப ஜோடி. அவ்வளவுதான்.

"பெரியப்பா, உங்க முறை"ன்னேன், கிண்டலா.

டொக்... டொக்.

மேஜையில ரெண்டு தட்டு. 'நான் பந்தயம் வெக்கல, நீ ஆடு'ன்னா அவர் அப்படித்தான் தட்டுவார். அப்பா கை நெஞ்சுல இருக்கு. அம்மா கை வாயில இருக்கு. என் ரெண்டு கையும் சீட்டுல இருக்கு.

என் குச்சி மொத்தத்தையும் நடுவுல தள்ளினேன்.

அவரோட சீட்டு ஓரம் மெல்ல... மெல்ல... மேல மடங்குச்சு.

நாற்காலி கிரீச்னுச்சு.

ஏதோ உருண்டு வந்து குச்சிக் குவியல்ல விழுந்துச்சு. சட்டைப் பட்டன். வெள்ளைப் பட்டன், அதுல பழுப்பு நூல். குச்சிக்குப் பதிலா அவர் வெச்ச பந்தயம்.

"கவுத்துடும்மா... போதும்..." அப்பா அழுதார்.

"மாட்டேன்."

எட்டி அவர் சீட்டை நானே திருப்பினேன்.

ஒரு ராஜா. ஒரு ஒம்போது. ஜோடி இல்ல.

ஒண்ணுமே இல்ல!

இத்தனை வருஷமும் வெறுங்கையை வெச்சுக்கிட்டா எங்களை மிரட்டினார்?

பட்டனை எடுத்தேன். கொதிச்சுது. விரல் பொத்துப்போச்சு. கீழ போடல.

"நான் போறேன்"ன்னேன். அன்னிக்கு சாயங்காலமே கிளம்பிட்டேன்.

ரெண்டு மாசம் கழிச்சு பெரியம்மா என்னைப் பாக்க வந்தாங்க. இந்த ஆட்டத்தைப் பத்தி அவங்ககிட்ட யாரும் மூச்சு விடல. என் மேஜையில பட்டனைப் பாத்தாங்க. டீ கிளாஸ் கையிலேருந்து நழுவிடுச்சு.

"இது எப்படிடி உங்கிட்ட?"

"ஏன் பெரியம்மா?"

"கடைசியா அவருக்குப் போட்டுவிட்ட சட்டையில ஒரு பட்டன் இல்ல. வெள்ளை நூல் கிடைக்கல. பழுப்பு நூல்ல நான்தான் தைச்சேன்... அந்தச் சட்டையோடதானே அவரை எரிச்சோம்!"

அவங்க என் கையைப் புடிச்சுக்கிட்டாங்க. "வேண்டாம்டி. எங்கயாவது கொண்டுபோய்ப் புதைச்சுடு. தேடி வந்துடப் போறார்."

வரட்டும். ஆட்டத்துல ஜெயிச்சது. தரமாட்டேன்.